பாதிக் கிணறு தாண்டலாமா?

(வசதியற்ற மாணவியின் உயர்நிலைக் கல்விக்குத் துணை நிற்பது குறித்து)

சமூக சேவை மன்றத்தார், பன்னிரண்டாம் வகுப்பு



பாதிக் கிணறு தாண்டுவது என்றொரு வழக்கு நம் பெரியோரிடம் உண்டு. கிணற்றைத் தாண்ட எண்ணியவன் முழுக் கிணற்றையும் தாண்டியாக வேண்டும். பாதி தாண்டியவனும் முக்கால் தாண்டியவனும் விழுவது ஒரே தண்ணீரில்தான். அவன் கரையிலேயே நின்றிருந்தால் நனையாமலாவது இருந்திருப்பான்.

ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு உதவுவது நல்ல செயல் என்பதை யாரும் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. உண்டியல் வந்தால் நாணயம் போடுகிறோம். நோட்டுப் புத்தகம் கேட்டால் கொண்டு வருகிறோம். ஆனால் அந்த உதவி எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்தச் செலவுக்கு, எந்த முறையில் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு தவறு செய்த பிறகே எண்ணத் தொடங்கினோம். அத்தவறையும், அதன்பின் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் தவறு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மன்றத்தின் சார்பில் ஆறு மாணவியர்க்குப் புத்தகப் பை, நோட்டுகள், சீருடைத் துணி ஆகியவற்றை வழங்கினோம். காலைக் கூட்டத்தில் பெயர்களை வாசித்து, ஒவ்வொருத்தியையும் மேடைக்கு அழைத்து, கைதட்டலோடு கொடுத்தோம். புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். செலவைக் கணக்கு நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு மூடி வைத்தோம்.

அந்த அறுவரில் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒருத்தி, காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வராமல் இருந்தாள். பொங்கல் விடுமுறைக்குப் பின் வரவேயில்லை. பொறுப்பாசிரியை சிஸ்டருடன் எங்களில் இருவர் அவள் வீட்டுக்குச் சென்றோம். அக்டோபர் மாதத்திலேயே அவள் தாயார் வேலை செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். தந்தை இல்லை. தம்பி சிறியவன். அவள் ஒரு துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டு வேலை பார்த்தாள். நாங்கள் கொடுத்த பை சுவரில் ஆணியில் தொங்கியது. அதில் புதிதின் மெருகு இன்னும் போகவில்லை.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றோம்.

“எப்படிக்கா சொல்றது? மேடையில கூப்பிட்டுக் குடுத்தப்பவே எல்லாரும் பாத்தாங்க. மறுபடியும் வந்து நின்னா என்ன நினைப்பீங்களோன்னு இருந்துச்சு” என்றாள்.

திரும்பி வரும் வழியில் எங்களில் யாரும் பேசவில்லை. ஜூனில் கொடுத்த நாங்கள் அக்டோபரில் ஏன் என்று கேட்கவில்லை. கொடுத்த முறையாலேயே, இரண்டாம் முறை கேட்கும் வாயையும் அடைத்துவிட்டோம். இவ்வளவையும் அவளிடம் படித்துக் காட்டி, அவள் சம்மதம் பெற்றே எழுதுகிறோம். அவள் யாரென்று தேட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

ஸ்வீடன் ஆசிரியையும் கென்யச் சிறுவனும்

அதற்குப் பிறகு சிஸ்டர் எங்களிடம், “உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள்” என்றார். அப்படிப் படித்ததில் எங்கள் மனத்தில் நின்றவர் ஹில்டே பாக் என்னும் அம்மையார்.

அவர் 1922-இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் யூதப் பிள்ளைகள் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர். ஹில்டே சிறு பெண்ணாக இருக்கும்போதே தனியாக ஸ்வீடனுக்குத் தப்பிச் சென்றார். பெற்றோர் உடன் வர இயலவில்லை. இருவரும் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாயினர். ஹில்டே ஸ்வீடனில் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையாகி, எளிய வாழ்க்கை வாழ்ந்தார்.

1970-களில் அவர் கென்ய நாட்டின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த கிறிஸ் ம்புரு என்ற ஏழைச் சிறுவனின் படிப்புச் செலவை ஏற்றார். ஆசிரியையின் சம்பளத்தில் இயன்ற சிறு தொகைதான். ஆனால் அவன் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்வரை அது நிற்கவில்லை. அச்சிறுவன் நைரோபி பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் சட்டம் பயின்று, ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பணியில் சேர்ந்தார்.

2001-இல் அவர் தம் ஊர்ப் பிள்ளைகளின் உயர்நிலைக் கல்விக்காக ஒரு நிதியைத் தொடங்கினார். அதற்குத் தம் பெயரையோ தம் குடும்பப் பெயரையோ வைக்கவில்லை. தமக்குப் பணம் அனுப்பிய அந்த முகம் தெரியாத அம்மையாரின் பெயரையே வைத்தார். அதுவரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கென்யாவிலிருந்த ஸ்வீடன் நாட்டுத் தூதரின் உதவியால் அவர் கண்டுபிடிக்கப்பட்டார். தாம் செய்தது இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கும் என்று ஹில்டே எண்ணியதே இல்லை. பின்னர் அவர் கென்யாவுக்கு அழைக்கப்பட்டபோது அந்த ஊரே திரண்டு வரவேற்றது. இவ்வரலாறு 2010-இல் ஓர் ஆவணப்படமாக வெளிவந்தது. ஹில்டே பாக் 2021-இல் மறைந்தார்.

பள்ளி வாசல் தமக்கு மூடப்பட்டதை அனுபவித்த ஒரு பெண், வேறொரு கண்டத்தில் வேறொரு பிள்ளைக்கு அவ்வாசலைத் திறந்து வைத்தார். இவ்வரலாற்றில் எல்லோரும் வியப்பது ஹார்வர்டைத்தான். எங்களை வியக்க வைத்தது வேறு. ஒரு தவணை கட்டியதும் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. அடுத்த தவணையும் கட்டினார், அதற்கடுத்ததும் கட்டினார். அவர் நடுவில் நிறுத்தியிருந்தால் நாம் இன்று படிக்க ஒரு வரலாறே இருந்திராது.

தடுக்கி விழும் இடம்

உதவி ஏன் உயர்நிலை வகுப்புகளுக்கு முக்கியமாகத் தேவைப்படுகிறது? அந்த நிதி தொடங்கப்பட்ட காலத்துக் கென்யாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே அப்போது தொடக்கக் கல்வி 8 ஆண்டு, உயர்நிலைக் கல்வி 4 ஆண்டு. எட்டாம் வகுப்பின் முடிவில் நாடு முழுவதற்கும் ஒரே பொதுத் தேர்வு. 2003-இல் அரசு பள்ளிகளில் தொடக்கக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தனர். ஆனால் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் கட்டணம் குறுக்கே நின்றது. பகலில் வந்து போகும் உயர்நிலைப் பள்ளிகளில் பாடக் கட்டணத்தை அரசு ஏற்றது 2008-இல்தான். அப்போதும் விடுதி, உணவு, சீருடை ஆகியவை பெற்றோர் தலையிலேயே இருந்தன. நல்ல பள்ளிகளில் பல விடுதிப் பள்ளிகளாக இருந்ததால் இது சிறிய சுமை அன்று.

ஆகவே தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கும் அடுத்த படி நிச்சயமில்லை. மேலே சொன்ன ஆவணப்படத்தில் அத்தேர்வை எழுதிய மூன்று பிள்ளைகள் முடிவுக்காகக் காத்திருப்பதைக் காட்டுகிறார்கள். அந்த நிதியோ மதிப்பெண் பார்த்தே உதவி வழங்குவது. இருக்கும் பணம் சிலருக்கே போதும். மதிப்பெண் குறைந்தால் உதவி இல்லை. உதவி இல்லையேல் படிப்பும் இல்லை. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமந்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணும், வீட்டில் வேறு வேலையில்லாத பிள்ளையின் மதிப்பெண்ணும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கவையா? எங்கள் மன்றத்திலும் முன்பு முதல் ஐந்து இடம் பெற்றவர்களுக்கே உதவுவோம் என்று ஒரு விதி இருந்தது. இதைப் படித்தபின் அவ்விதியை எடுத்துவிட்டோம்.

உயர்நிலை வகுப்பில்தான் கால் தடுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினான்கு வயதில் ஒரு பிள்ளை சம்பாதிக்கக் கூடிய ஆளாகிவிடுகிறது. பெண்ணாயின் வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கூடியவளாகவும், திருமணப் பேச்சுக்கு உரியவளாகவும் ஆகிவிடுகிறாள். வீட்டில் ஓர் இடி விழுந்தால் முதலில் நிறுத்தப்படுவது அவள் படிப்பே.

சமையலறையில் தொடங்கிய பணி

பெண்பிள்ளைகளைப் பற்றிய இச்செய்தியை நன்கு விளக்குவது ஆப்பிரிக்காவின் மற்றொரு நாடான ஜிம்பாப்வேயில் நடந்தது. 1991-இல் ஆன் காட்டன் என்னும் பிரிட்டன் நாட்டுப் பெண்மணி அந்நாட்டின் மோலா என்ற பின்தங்கிய கிராமப் பகுதிக்கு ஆராய்ச்சிக்காகச் சென்றார். அங்கே உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் ஏன் மிகக் குறைவு என்பதே அவருடைய கேள்வி. பெண்ணைப் படிக்க வைப்பது அம்மக்களின் பழக்கத்தில் இல்லை என்பதே அப்போது பலரும் சொல்லிய காரணம்.

ஆனால் பெற்றோரிடம் பேசியபோது அவர் கேட்டது வேறு. எல்லாப் பிள்ளைகளையும் படிக்க வைக்கவே அவர்கள் விரும்பினர். கையிலிருந்த பணமோ ஒரு பிள்ளைக்கே போதும். பையன் படித்தால் சம்பளத்துக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவனை அனுப்பினர். மனமின்மை அன்று, பணமின்மையே காரணம். கட்டணம் குறைவு என்பதற்காகச் சுமார் நூறு கிலோமீட்டர் நடந்து வந்து, பள்ளிக்கு அருகில் குடிசையில் தாங்களே சமைத்துத் தங்கிப் படித்த இரு பெண்களையும் அவர் அங்கே கண்டார். அத்தகைய பெண்களைப் படிப்பில் விருப்பமில்லாதவர் என்று எவர் சொல்ல முடியும்?

ஊர் திரும்பிய ஆன் காட்டன் தம் வீட்டுச் சமையலறையில் கேக் செய்து விற்றும், நண்பர்களிடம் திரட்டியும், 1993-இல் 32 மாணவியரின் படிப்புச் செலவை ஏற்றார். அதுவே கேம்ஃபெட் என்னும் அமைப்பாகிப் பிற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பரவியது. இவ்வமைப்பினர் ஒரு மாணவியை ஏற்கும்போது கட்டணத்தோடு நிறுத்துவதில்லை. சீருடை, காலணி, எழுதுபொருள், தேவைப்படின் விடுதிச் செலவு, மாதவிலக்கு நாள்களுக்கான துணிப்பட்டைகள் வரை கணக்கில் எடுத்துக்கொள்கின்றனர். கடைசியாகச் சொன்னதைப் பேசக் கூச்சப்படுகிறோம். ஆனால் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் போவதற்கு அது ஒரு காரணம் என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே.

படிப்பை முடித்த அம்மாணவியர் 1998-இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் தம் ஊர்களில் தமக்குப் பின் வரும் பெண்களுக்கு வழிகாட்டுகின்றனர். தம் வருவாயிலிருந்து பிற பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். பெற்றவள் கொடுப்பவளாகிறாள். கிறிஸ் ம்புருவின் வரலாற்றிலும் இதையே கண்டோம். உதவி முழுமையாக இருந்தால் அது ஒருவரோடு நிற்பதில்லை.

கட்டணம் மட்டும் போதுமா?

இங்கே ஐயப்படுவோர் ஒரு கேள்வி கேட்கலாம். உதவி பெற்றோர் முன்னேறிய கதைகளை மட்டும் சொல்கிறீர்கள். அவர்கள் உதவியின்றியும் முன்னேறியிருக்கலாம் அல்லவா? இது நியாயமான கேள்வி. இதற்கு விடை காண கானா நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. எஸ்தர் டுஃப்ளோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரீமர் ஆகியோர் இதை நடத்தினர். இவர்களுள் டுஃப்ளோவும் கிரீமரும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

2008-இல், உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமின்றிச் சேர முடியாதிருந்த 2,064 பேரைத் தெரிந்தெடுத்தனர். அனைவருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. எனவே குலுக்கல் முறையில் 682 பேருக்கு நான்கு ஆண்டுக் கட்டணமும் வழங்கப்பட்டது. பணம் நேரே பள்ளிக்குச் செலுத்தப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் இரு பகுதியினரையும் தொடர்ந்து கவனித்து வந்தனர். இரு பகுதியினரும் ஒரே நிலையிலிருந்து புறப்பட்டவர்கள்; இடையில் உள்ள வேற்றுமை குலுக்கலில் வந்த சீட்டு ஒன்றே. ஆகவே பின்னர் காணப்பட்ட வேறுபாடு உதவியால் வந்ததே என்று உறுதியாகச் சொல்லலாம்.

கண்டது என்ன? உதவி பெறாதோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே உயர்நிலைக் கல்வியை முடித்தனர். உதவி பெற்றோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் முடித்தனர். உதவி பெற்றவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் மேலாக இருந்தனர்; நோய்த் தடுப்பில் அதிகக் கவனம் செலுத்தினர்; அவர்களுள் பெண்கள் இளம் வயதில் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு. கானா அரசு 2017-இல் மேல்நிலைக் கல்விக் கட்டணத்தை நீக்கியது.

இந்த நல்ல முடிவினுள் மற்றொரு செய்தியும் இருப்பதைக் கவனியுங்கள். கட்டணம் முழுவதும் கட்டப்பட்டும் நான்கில் ஒருவர் முடிக்கவில்லை. அவர்களை நிறுத்தியது பாடக் கட்டணம் அன்று. சாப்பாடோ, தூரமோ, நோயோ, வீட்டுச் சுமையோ, அவ்வீட்டைச் சென்று பார்த்தவர்க்கே அது தெரியும்.

தூரம் ஒன்றே எவ்வளவு பெரிய தடை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு கூடியது என்று கண்டனர். பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேயே பயன் மிகுதி. புத்தகம் வேண்டிய இடத்தில் புத்தகம். சைக்கிள் வேண்டிய இடத்தில் சைக்கிள். எது வேண்டும் என்று கேட்டறியாமல் எல்லோர்க்கும் பையே கொடுப்பது எங்களைப் போன்றோர் செய்யும் பிழை.

நம் மாநிலத்தில்

“நம் அரசுப் பள்ளிகளில் கட்டணமே இல்லையே, இங்கே இதெல்லாம் எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் இத்துறையில் நெடுங்காலமாகப் பணி நடந்துள்ளது உண்மையே. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்ணுக்கு உதவி என்று சொல்லி, பெற்றோர் பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்க ஒரு காரணம் தந்தது. 2022-இல் அது, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றப்பட்டது.

ஆனால் கல்லூரிக்கான உதவி பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவளுக்கே பயன்படும். ஒன்பதாம் வகுப்பில் நின்றவள் அவ்வாசலுக்கு வந்து சேர்வதே இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. ஆக, சட்டத்தின் கை விடுபடும் இடத்தில், வீட்டின் சுமை தோளில் ஏறும் வயதில், ஒரு பெண் தனியாக நிற்கிறாள். அந்த இடத்தில்தான் அருகில் இருக்கும் நம்மைப் போன்றோர் தேவை.

பணமில்லாமலும் செய்யக்கூடிய ஓர் உதவியை இங்கே சொல்கிறோம். 2008-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வருவாய்வழி, திறன்வழி உபகாரச் சம்பளத் திட்டம் பற்றிப் பல மாணவியர்க்குத் தெரியாது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிப்போர்க்கான தேர்வு இது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும் என்பது விதி. தேர்ந்தவர்க்கு 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கும் சேர்த்தால் 48,000 ரூபாய். எங்கள் மன்றத்தால் இவ்வளவு தொகை ஒருத்திக்குத் தர இயலாது. ஆனால் எட்டாம் வகுப்புத் தங்கைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கணக்கும் மனத்திறன் வினாக்களும் சொல்லித் தர இயலும். வருமானச் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும், எந்த நாளுக்குள் விண்ணப்பம் தர வேண்டும் என்று எடுத்துச் சொல்ல இயலும். சென்ற ஆண்டு முதல் இதைச் செய்து வருகிறோம்.

துணை நிற்போர் கவனிக்க வேண்டியவை

நாங்கள் பட்டதிலிருந்தும் படித்ததிலிருந்தும் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. முடிவு ஆண்டைக் குறித்துக்கொண்டு தொடங்குக. ஒன்பதாம் வகுப்பு மாணவியை ஏற்றால் பன்னிரண்டு முடியும்வரை நான்கு ஆண்டு என்று கணக்கிடுக. 40 பேர் மாதம் 20 ரூபாய் கொடுத்தால் 800 ரூபாய். பத்து மாதத்தில் 8,000. நான்கு ஆண்டில் 32,000. இத்தொகைக்குள் எத்தனை பேரை ஏற்க முடியுமோ அத்தனை பேரையே ஏற்க வேண்டும். அறுவரைப் பாதி தாண்ட வைப்பதினும் இருவரை முழுதும் தாண்ட வைப்பது மேல்.

2. ஓராண்டுச் செலவைக் கையிருப்பில் வைக்க வேண்டும். வசூல் குறையும் ஆண்டு வரும். அதற்காக அவள் படிப்பு நிற்கலாகாது.

3. வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். மதிப்பெண் குறைவது பிறகு. வருகை குறைவது முதலில். தொடர்ந்து மூன்று நாள் வராவிடில் அன்றே வகுப்பாசிரியை மூலம் விசாரிக்க வேண்டும். எங்கள் தோழி அக்டோபரில் வராதிருந்த நாள்களில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அவள் ஓர் ஆண்டை இழந்திருக்க மாட்டாள்.

4. மறைவாகக் கொடுங்கள். மேடை வேண்டாம், புகைப்படம் வேண்டாம். அலுவலகத்தில் கட்டணம் கட்டிவிட்டால் அவளுக்கும் ஆசிரியைக்கும் மட்டும் தெரிந்தால் போதும். இப்போது எங்கள் மன்றத்தில் உதவி பெறுவோர் பெயர் பொறுப்பாசிரியைக்கும் செயலருக்கும் மட்டுமே தெரியும்.

5. நன்றியை எதிர்பார்க்க வேண்டாம். “நாங்கள் படிக்க வைக்கிறோம், நீ முதல் மதிப்பெண் வாங்க வேண்டாமா?” என்று கேட்பது கடன்காரர் பேச்சு. அவள் தேர்வில் தவறினால் மறுபடி எழுத உதவுவதே துணை நிற்றல்.

6. நம்மால் இயலாததை ஒப்புக்கொள்வோம். வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் மாணவியரால் ஏற்கத்தக்கவை அல்ல. அவற்றை மறைக்காமல் பெரியவர்களிடம் கொண்டு செல்வதே நம் கடமை.

மீதிக் கிணறு

அந்தத் தோழி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். சிஸ்டர் அவள் தாயாரிடம் பலமுறை சென்று பேசினார். அரசுக் காப்பீட்டில் சிகிச்சைக்கு வழி கேட்டறிந்து கொடுத்தார். ஊரிலிருந்து அவள் சித்தி வந்து சில மாதம் உடனிருந்தார். தாயார் மெல்ல எழுந்து நடமாடியதும் அவள் ஜூன் மாதம் மீண்டும் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்து சேர்ந்தாள். உடன் படித்தவர்கள் மேல் வகுப்பில் இருக்க, தான் மட்டும் பழைய வகுப்பில் அமர்வது எளிதன்று. முதல் வாரம் அவள் யாருடனும் பேசவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். பொதுத் தேர்வுக்கு ஆயத்தமாகிறாள். மாலையில் பள்ளியிலேயே தங்கிப் படித்துவிட்டுப் போகிறாள்.

ஆனால் தோழியரே, அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. நாங்களோ இந்த ஏப்ரலில் இப்பள்ளியை விட்டுச் செல்கிறோம். நான்கு ஆண்டு என்று கணக்கிடச் சொல்லிவிட்டு நாங்களே நடுவில் கையை விடுவதா என்று பலநாள் கவலைப்பட்டோம். முடிவில் ஒன்று செய்தோம். அடுத்த ஓராண்டுச் செலவுக்கான தொகையைச் சேர்த்து மன்றத்தின் கணக்கில் கட்டிவிட்டோம். எங்களில் பதினொரு பேர், கல்லூரிக்குச் சென்றாலும் வேலைக்குச் சென்றாலும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்புவதாகக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் வருகைப் பதிவேட்டைப் பார்க்கவும், மூன்று நாள் வராவிட்டால் “என்னம்மா ஆச்சு?” என்று கேட்கவும் நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். அதற்குப் பணம் அனுப்பினால் ஆகாது. அருகில் ஆள் வேண்டும். ஒன்பது, பத்து, பதினோராம் வகுப்புத் தங்கைகளே, அது உங்கள் பங்கு.

கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போட்ட இரண்டு கோடுகள் அப்படியே உள்ளன. அவற்றுக்குக் கீழே இவ்வாண்டுக் கணக்கைத் தொடர்ந்து எழுதியிருக்கிறோம். இம்முறை அடியில் கோடு போடவில்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் நாளில் உங்களில் ஒருத்தி போடட்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் வகுப்பில் சென்ற மாதம் ஐந்து நாளுக்கு மேல் வராதவர் யார்? அதன் காரணம் உங்களுக்குத் தெரியுமா?

2. மதிப்பெண் பார்த்து உதவுவது, குலுக்கல் முறையில் உதவுவது, தேவை பார்த்து உதவுவது ஆகிய மூன்றில் எது நியாயம்? ஏன்?

3. ஓர் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குக் கட்டணம் நீங்கலாக ஓராண்டில் ஆகும் செலவுகளை உங்கள் தாயாருடன் அமர்ந்து பட்டியலிடுக. இதுவரை நீங்கள் எண்ணாத செலவு எது?

4. நீங்கள் பள்ளியை விட்டுச் செல்லும் நாளில், நீங்கள் தொடங்கிய நற்செயலை யாரிடம் ஒப்படைப்பீர்கள்?